அரசியல் அறிவியல் படிக்க எந்தப் பல்கலைக்கழகம்? பெயரைப் பார்ப்பதா, பாடத்திட்டத்தைப் பார்ப்பதா?

வாக்குப்பெட்டி

வணக்கம். பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. அரசியல் அறிவியல்தான் என்று முடிவு செய்துவிட்டேன், வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். எங்கே படிப்பது என்பதில்தான் குழப்பம்.

இரண்டு இடங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று, பெயரைச் சொன்னாலே 'அடேயப்பா' என்பார்கள். தரவரிசையிலும் மேலே நிற்கிறது. இன்னொன்றின் பெயரைச் சொன்னால் 'அது எங்கே இருக்கு?' என்பார்கள். ஆனால் அந்த இரண்டாவது இடத்தின் பாடவிவரத்தை இரவு உட்கார்ந்து படித்தபோது தூக்கமே வரவில்லை, அவ்வளவு பிடித்திருந்தது. முதலாவதின் இணையப் பக்கத்தில் கட்டடப் படங்கள்தான் நிறைய. (நல்ல கட்டடம்தான், பொய் சொல்லக் கூடாது.)

எனக்கு ஆர்வம் தேர்தல்கள், கட்சிகள், அப்புறம் சில நாடுகளில் ஜனநாயகம் ஏன் மெல்ல மெல்லக் கழன்று விழுகிறது என்பது. எதை வைத்து முடிவெடுக்கலாம்? பல்கலைக்கழகப் பெயர்களை வேண்டுமென்றே போடவில்லை. போட்டால் பேச்சு 'என் கல்லூரி, உன் கல்லூரி' என்று போய்விடும்.

கடைசிவரிசை

பெரிய பெயருக்கே போங்கள் தம்பி. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. பாடம் எங்கேயும் ஒன்றுதான். பிளேட்டோ அங்கேயும் பிளேட்டோதான், இங்கேயும் பிளேட்டோதான். நாளைக்கு விண்ணப்பத்தைக் கையில் எடுப்பவன் பாடத்திட்டத்தைப் படிக்கமாட்டான், பெயரைத்தான் பார்ப்பான்.

நூலகத்தூக்கம்

//பாடம் எங்கேயும் ஒன்றுதான்//

மன்னிக்கணும். வேதியியலுக்கு இது ஓரளவு பொருந்தும், இங்கே பொருந்தாது. அரசியல் அறிவியல் என்று பலகை மாட்டிய நாலு துறைக்குள் நுழைந்து பாருங்கள், நாலு வேறு படிப்பு நடந்துகொண்டிருக்கும்.

இவை பிறந்த கதையே வேறுவேறு. பாரிஸில் அரசியல் படிப்புக்குப் பேர்போன சியான்ஸ் போ 1872இல் தொடங்கியது. பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்ற சூடு ஆறாத நேரம், நாட்டை நடத்தத் தெரிந்த ஒரு தலைமுறை வேண்டும் என்று எமில் பூத்மி ஆரம்பித்தார். வேல்ஸில் அபெரிஸ்ட்வித் 1919இல் சர்வதேச அரசியலுக்கென்றே தனித்துறை தொடங்கியது, உலகத்திலேயே முதலாவது. முதல் உலகப்போர் முடிந்த மறுவருடம் அது. இப்படியொரு போர் மறுபடி வராமலிருக்க என்ன வழி என்பதுதான் அவர்கள் கேள்வி. ஆக்ஸ்போர்டு 1920இல் தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் ஒரே பட்டமாகக் கட்டியது.

அமெரிக்காவில் வேடிக்கை இன்னும் அதிகம். 1960களில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரைக்கர் கட்சிக் கூட்டணி, வாக்களிப்பு எல்லாவற்றையும் கணிதமாக்கிக்கொண்டிருந்தார். அதே காலத்தில் சிகாகோவில் லியோ ஸ்ட்ராஸ் பழைய நூல்களை வரிவரியாகப் பிரித்துப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். இருவர் மாணவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. 2000ஆம் ஆண்டு 'மிஸ்டர் பெரஸ்ட்ரோய்கா' என்ற புனைபெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. புள்ளியியலும் கணித மாதிரிகளும் துறையை விழுங்கிவிட்டன, மற்ற முறைகளுக்கு இடமே இல்லை என்று அதில் கொந்தளித்திருந்தார் யாரோ. அது ஒரு இயக்கமாகவே ஆனது. ஒரே பாடம் என்றால் இவ்வளவு அடிதடி எதற்கு?

வாக்குப்பெட்டி

முதலில், தம்பி இல்லை அண்ணா, தங்கை. :)

இரண்டாவது, நூலகத்தூக்கம் சொன்னதைப் படித்ததும் பயம் கூடிவிட்டது. ஒரு துறை எந்த 'ரகம்' என்று வெளியில் இருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாப் பக்கத்திலும் 'பன்முகப் பார்வை', 'உலகத்தரம்' என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

நூலகத்தூக்கம்

அந்த வரிகளை அப்படியே தாண்டிவிடுங்கள். கட்டாயப் பாடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். விருப்பப் பாடங்கள் ஆசை காட்டும், கட்டாயப் பாடம்தான் துறையின் சுபாவம். அரசியல் கோட்பாடு, ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், பொது நிர்வாகம், ஆய்வு முறையியல் இவற்றில் எது எத்தனை செமஸ்டர் என்று எண்ணிப் பாருங்கள். கோட்பாடு மூன்று செமஸ்டர், முறையியல் பூஜ்யம் என்றால் அது ஒரு ரகம். முதல் வருடமே புள்ளியியல் கட்டாயம் என்றால் இன்னொரு ரகம். பல நாடுகளின் தேர்தல், கட்சி, ஆட்சிமுறையை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஒப்பீட்டு அரசியல், உங்களுக்குப் பிடித்ததும் அதுதான். அது எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே போங்கள்.

இன்னொன்று. தேடும்போது 'அரசியல் அறிவியல்' என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி இடங்கள் நழுவிவிடும். ஹார்வர்டிலும் கார்னெலிலும் எல்எஸ்ஈயிலும் (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) துறையின் பெயர் 'கவர்ன்மென்ட்'. பிரின்ஸ்டனில் 'பாலிடிக்ஸ்'. என் நண்பன் ஒருவன் இது தெரியாமல் 'அங்கெல்லாம் இந்தப் படிப்பே இல்லையாம்' என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எண்ணும்எழுத்தும்

நான் முதலாண்டு மாணவர்களுக்குத் துணை வகுப்பு எடுப்பவன். வாக்குப்பெட்டி, உங்கள் ஆர்வத்தைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஜனநாயகம் ஏன் சரிகிறது என்று கேட்பவர் முதலில் 'சரிகிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்' என்று கேட்கக் கற்கவேண்டும். அதைக் கற்றுத்தராத இடத்துக்கு, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், போகாதீர்கள்.

ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் இரண்டாவது வாரம் இதைச் செய்வேன். பாலிட்டி என்று ஒரு தரவுத்தொகுப்பு. நாடுகளுக்கு மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை மதிப்பெண் போடும். 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஜனநாயகம். திரையில் சுவிட்சர்லாந்தைத் திறந்து காட்டுவேன். 1848இலிருந்தே முழு மதிப்பெண். எல்லோரும் தலையாட்டுவார்கள், 'ஆமாம், சுவிட்சர்லாந்து ஆயிற்றே'. அப்புறம் பலகையில் ஒரே ஒரு எண்ணை எழுதுவேன்: 1971.

வகுப்பு அமைதியாகிவிடும். சிலர் கைபேசியில் தேடுவார்கள். யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார்: அந்த வருடம்தான் அங்கே பெண்களுக்கு தேசிய அளவில் வாக்குரிமை வந்தது.

அதாவது நூற்றிருபது வருடத்துக்கு மேலாக நாட்டில் பாதிப் பேருக்கு ஓட்டு இல்லை, ஆனாலும் முழு மதிப்பெண். ஏன்? அதன் விளக்கக் கையேட்டைத் திறந்து படிக்கச் சொல்வேன். ஆட்சியாளர் எப்படித் தேர்வாகிறார், அவருக்குக் கடிவாளம் உண்டா, போட்டி உண்டா என்றுதான் அது பார்க்கிறது. யாருக்கெல்லாம் ஓட்டு இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பின் அளவுகோல் வேறு மாதிரி, அரசியல் உரிமை, குடிமை உரிமை என்று பார்க்கும். வி-டெம் என்ற இன்னொரு தரவுத்தொகுப்பு இன்னும் நுணுக்கமாகப் பல கூறுகளாகப் பிரித்து, 0க்கும் 1க்கும் இடையில் அளக்கும். மூன்று அளவுகோல், மூன்று பதில். எது சரி என்பதற்கு நான் பதில் சொல்லமாட்டேன், அடுத்த வாரம் கட்டுரை எழுதிக்கொண்டு வரச் சொல்வேன்.

புள்ளியியல் என்றால் கணக்குப் போடுவது என்று பலர் ஓடுகிறார்கள். எண்ணை நம்பாமல் இருக்கவும் புள்ளியியல் தெரிய வேண்டுமே!

சொல்லப்போனால் இந்த வி-டெம் இருப்பது ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் துறையில். பொதுவாக 'அடேயப்பா' பட்டியலில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் ஜனநாயகத்தை அளப்பதைப் பற்றிப் பேசும் யாரும் அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது.

கடைசிவரிசை

தங்கை, மன்னிக்கவும்!

சுவிட்சர்லாந்து விஷயம் எனக்கும் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. தரவரிசை என்று ஒன்று சும்மாவா போடுகிறார்கள்? அதில் மேலே இருக்கும் இடத்தில் நல்ல பேராசிரியர்கள் இருக்கமாட்டார்களா?

பழையமாணவி

இருப்பார்கள். உங்களுக்குப் பாடம் எடுப்பார்களா என்பதுதான் கேள்வி.

நான் போனது அப்படியொரு இடத்துக்குத்தான். பெயர் வேண்டாம். ஒரு பேராசிரியரின் கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவரிடம் படிக்கவேண்டும் என்றே போனேன். முதல் வருடம் அவர் ஆய்வு விடுப்பில். இரண்டாம் வருடம் வந்தார், ஆனால் முனைவர் பட்ட மாணவர்களுக்கு மட்டும். மூன்றாம் வருடம் அவர் பெயரில் ஒரு பாடம் இருந்தது. முந்நூறு பேர் அரங்கம், நான் பதினெட்டாவது வரிசை. அவரிடம் நான் பேசிய ஒரே வாக்கியம் 'சார், கதவு இழுக்கணும், தள்ளக்கூடாது.'

சிரிப்பாக இருக்கிறது இல்லையா? அப்போது அழுகைதான் வந்தது.

என்னை உருவாக்கியது அவர் இல்லை. வாரம் ஒருநாள் பன்னிரண்டு பேர் கொண்ட குழு வகுப்பு எடுத்த ஒரு இளம் விரிவுரையாளர், ஒப்பந்தத்தில் இருந்தவர். என் முதல் கட்டுரையைத் திருப்பித் தந்தபோது ஓரமெல்லாம் பென்சிலால் ஒரே கேள்வி: 'யார் சொன்னது?' 'மக்கள் மாற்றத்தை விரும்பினார்கள்' என்று எழுதியிருந்தேன். யார் சொன்னது? 'ஊழல்தான் ஆட்சியைக் கவிழ்த்தது.' யார் சொன்னது? மொத்தம் பதினான்கு இடம், எண்ணிப் பார்த்தேன். இன்றைக்கும் ஒரு பத்தி எழுதி முடித்தால் அந்தப் பென்சில் கண்முன் வருகிறது.

அடுத்த வருடம் அவர் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். அது வேறு கதை.

அதனால் வாக்குப்பெட்டி, இதை மட்டும் விசாரியுங்கள்: குழு வகுப்பில் எத்தனை பேர்? ஒரு செமஸ்டரில் எத்தனை கட்டுரை? அவற்றைத் திருத்துபவர் யார், திருத்தித் திருப்பித் தருவாரா, மதிப்பெண்ணை மட்டும் போடுவாரா? ஆக்ஸ்போர்டுக்கு அவ்வளவு மரியாதை இருப்பதற்கு ஒரு காரணம் கட்டடம் இல்லை. இரண்டு மூன்று பேரை எதிரில் உட்காரவைத்து, அவர்கள் எழுதிய கட்டுரையை வைத்தே நடத்தும் டுட்டோரியல் வகுப்பு. அதேபோல ஒன்று சிறிய இடத்திலும் கிடைக்கலாம், பெரிய இடத்தில் கிடைக்காமலும் போகலாம்.

தரவரிசை பற்றி: க்யூஎஸ் மாதிரியான பட்டியல்களில் கணிசமான பங்கு 'உங்களுக்குத் தெரிந்த நல்ல பல்கலைக்கழகங்களைச் சொல்லுங்கள்' என்று பேராசிரியர்களிடமும் நிறுவனங்களிடமும் கேட்கும் கருத்துக்கணிப்பு. மிச்சத்தில் ஒரு பகுதி ஆய்வுக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டன என்பது. பதினெட்டாவது வரிசையில் என்ன நடக்கிறது என்று அதில் எங்கேயும் இல்லை.

ஈரெட்டு

வேலை பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேசுகிறேன்.

சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஆய்வுக் குறிப்பு தயாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். காலையில் ஒரு மசோதா வரும், மாலைக்குள் இரண்டு பக்கம் போகவேண்டும். இது என்ன சொல்கிறது, இதற்கு முன் எங்கே முயன்றார்கள், அங்கே என்ன ஆனது, இதில் எது இடிக்கும். இரண்டே பக்கம். மூன்றாவது பக்கத்தை யாரும் படிக்கமாட்டார்கள்.

புதிதாக வருபவர்களில் பெரிய பெயர் உள்ளவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. கடைசிவரிசை சொல்வது ஒரு இடத்தில் சரி: நேர்காணலுக்கு அழைப்பதில் பெயர் உதவுகிறது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் எங்கள் நேர்காணலிலேயே ஒரு மசோதாவைக் கொடுத்து மூன்று மணி நேரம் எழுதச் சொல்வோம். அதற்குமேல் பெயருக்கு வேலை இல்லை.

யார் நன்றாக எழுதுகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். சட்டம் படிக்கத் தெரிந்தவர்கள், ஒரு அட்டவணையைப் பார்த்துப் பயப்படாதவர்கள், இன்னொரு மொழியில் வாசிக்கத் தெரிந்தவர்கள். மூன்றாவதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. லத்தீன் அமெரிக்காவைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்பார், ஸ்பானியம் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. அந்த நாட்டுச் செய்தித்தாளையே படிக்காமல் என்ன ஆய்வு?

அதனால் மொழிப் பாடம் சேர்த்துப் படிக்க வசதி உண்டா, ஒரு செமஸ்டர் வேறு நாட்டில் படிக்க வாய்ப்பு உண்டா என்றும் பாருங்கள். சியான்ஸ் போவில் இளநிலை மூன்றாம் வருடம் வெளிநாட்டில்தான் கழிக்கவேண்டும். வளாகங்களையே நிலப்பகுதி வாரியாகப் பிரித்திருக்கிறார்கள்: மாந்தோனில் மத்தியதரைக்கடல் பகுதியும் மத்திய கிழக்கும், ல ஆவ்ரில் ஆசியா, புவாத்தியேவில் லத்தீன் அமெரிக்கா. அங்கே வளாகத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதிப் படிப்பைத் தேர்ந்தெடுத்த மாதிரி.

கடைசிவரிசை

சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயரில்லாத இடத்தில் படித்து இந்தத் துறையில் மேலே வந்தவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

நூலகத்தூக்கம்

'பெயரில்லாத' என்பது கொஞ்சம் அதிகம், ஆனால் எலினோர் ஆஸ்ட்ரம் கதையைச் சொல்கிறேன்.

பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்கவேண்டும் என்று கேட்டார். கணிதம் போதாது என்று சேர்க்கவில்லை. அரசியல் அறிவியலுக்கு வந்தார், 1965இல் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் பட்டம். அப்புறம் வாழ்நாளின் பெரும்பகுதி ப்ளூமிங்டனில், இந்தியானா பல்கலைக்கழகத்தில். அவரும் கணவர் வின்சென்ட்டும் 1973இல் அங்கே ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். அதற்கு 'சென்டர்' என்றோ 'இன்ஸ்டிட்யூட்' என்றோ பெயர் வைக்கவில்லை, 'வொர்க்‌ஷாப்' என்று வைத்தார்கள். நம் மொழியில் சொன்னால் பட்டறை. இருவரும் ஒரு தச்சரிடம் மர வேலை கற்றவர்கள், ஆய்வும் அப்படி ஒருவர் கைவேலையை இன்னொருவர் பார்த்துக் கற்பது என்று நினைத்தார்கள். மீன்பிடி நீர்நிலை, பாசன வாய்க்கால், காடு இவற்றை ஊர்க்காரர்கள் தாங்களே விதி வகுத்து எப்படிக் காக்கிறார்கள் என்று அங்கே உட்கார்ந்து பல வருடம் ஆராய்ந்தார்கள்.

1999இல் ஸ்கைட்டே பரிசு. அரசியல் அறிவியலில் அதைவிடப் பெரிய பரிசு இல்லை என்பார்கள். உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1622இல் யோஹான் ஸ்கைட்டே நிறுவிய பேராசிரியர் இருக்கையின் பெயரால் தருவது. 2009இல் பொருளாதார நோபல், அதைப் பெற்ற முதல் பெண். கணிதம் போதாது என்று கதவைச் சாத்திய அதே பொருளாதாரத்தில்!

பழையமாணவி

பட்டறை என்ற சொல் அருமை. வாக்குப்பெட்டி, உங்கள் இரண்டு இடங்களில் எதில் பட்டறை வாசனை வருகிறது?

வாக்குப்பெட்டி

நான்கு நாள் எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் சொன்னபடி தாள் போட்டு எழுதினேன்.

பெரிய பெயர்: முதல் இரண்டு வருடமும் கோட்பாடு, பொது நிர்வாகம், அரசியலமைப்பு. முறையியல் மூன்றாம் வருடம் ஒரே ஒரு பாடம். ஒப்பீட்டு அரசியல் என்று ஒரு கட்டாயப் பாடம் இருக்கிறது. ஆனால் வாரவாரியான பட்டியலைத் திறந்தால் 11 வாரத்தில் 8 வாரம் நான்கே நாடுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம், 'அமைப்புகள்', 'கட்சிகள்'. ஒப்பீடு என்பது கடைசி வாரம்தான். குழு வகுப்பில் 25 பேர்.

இன்னொன்று: முதல் வருடமே முறையியல். குழு வகுப்பில் 14 பேர். நான் ஆசைப்பட்டது 'ஜனநாயகச் சரிவு' என்ற விருப்பப் பாடத்துக்குத்தான். ஆனால் அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். அந்தப் பாடம் பட்டியலில் இருக்கிறதாம், இரண்டு வருடமாக நடக்கவில்லையாம்! நடத்திய பேராசிரியர் வேறு இடத்துக்குப் போய்விட்டாராம். உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணும்எழுத்தும்

இது எல்லா இடத்திலும் நடப்பதுதான். பாடப் பட்டியல் வேறு, கால அட்டவணை வேறு. பட்டியலில் ஒருமுறை ஏறிய பாடத்தை யாரும் சுலபத்தில் எடுப்பதில்லை. கடந்த இரண்டு வருடக் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள், எது உண்மையில் நடந்தது என்று தெரிந்துவிடும். துறை அலுவலகத்துக்கு நேரடியாக எழுதுங்கள், அடுத்த வருடம் அது உண்டா, யார் நடத்துவார், வாசிப்புப் பட்டியல் கிடைக்குமா என்று. கேட்பதில் தப்பே இல்லை. எப்படிப் பதில் வருகிறது, வருகிறதா என்பதிலேயே துறையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

அப்புறம், ஒரு பாடத்தையோ ஒரு ஆசிரியரையோ மட்டும் நம்பி எந்த இடத்துக்கும் போகாதீர்கள். உங்களுக்குப் பிடித்த பகுதியில் குறைந்தது மூன்று பேர் வேலை செய்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் போனாலும் இருவர் இருப்பார்கள்.

ஈரெட்டு

பெரிய இடத்துக்கும் இதே கேள்வியை அனுப்புங்கள். ஒரே கேள்வி, இரண்டு பதில். ஒப்பீட்டு அரசியலின் முதல் பாடம் இங்கேயே ஆரம்பித்துவிடும்.

வாக்குப்பெட்டி

இரண்டுக்கும் அனுப்பினேன்.

பெரிய இடத்திலிருந்து அன்றைக்கே பதில் வந்தது: 'எங்கள் இணையப் பக்கத்தைப் பார்க்கவும்.' இணைப்பைத் திறந்தால் அதே கட்டடப் படம்.

இன்னொன்று ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. ஒன்பதாவது நாள் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளரே எழுதியிருந்தார். இந்த வருடம் அவர் அந்தப் பாடத்தை மறுபடி தொடங்குகிறாராம், இன்னும் முழுதாக முடிவாகவில்லை, மாறலாம் என்று சொல்லி வரைவுப் பாடத்திட்டத்தை இணைத்திருந்தார். ஓரத்தில் அவருடைய குறிப்புகள் கூட அழிக்காமல் அப்படியே இருக்கின்றன, ஒரு இடத்தில் 'இது ரொம்ப அதிகமோ?' என்று. நான்காவது வாரம்: மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாட்டை எடுத்து, மூன்று அளவுகோலாலும் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொண்டு வரவேண்டும், ஏன் வேறுபடுகிறது என்று வகுப்பில் வாதாடவேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

கடைசிவரிசை

அப்போ எந்த நாடு எடுக்கப் போகிறாய் தங்கை?

வாக்குப்பெட்டி

இன்னும் முடிவாகவில்லை அண்ணா. சுவிட்சர்லாந்து மட்டும் இல்லை, விடை தெரிந்துவிட்டதே.